கிராண்ட் கேன்யன் காணச் செல்வோர்க்கு



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நமக்குப் பயணம் புதியதன்று. விடுமுறைக்குப் பல வாரங்களுக்கு முன்பே இரயிலில் இடம் பதிவு செய்வதும், இரண்டு இரவுக்குக் கெடாத புளியோதரையைக் கட்டிக்கொள்வதும், குழந்தைகளையும் பெட்டிகளையும் மாற்றி மாற்றி எண்ணுவதும் நமக்குக் கைவந்தவை. அண்மைக் காலத்தில் இப்பயணங்களின் எல்லை கடலுக்கு அப்பாலும் விரிந்துவிட்டது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள், அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணச் செல்கின்றனர். பேரக் குழந்தையோடு சில வாரங்கள் கழிந்தபின், "நான்கு நாள் விடுப்பு இருக்கிறது, கிராண்ட் கேன்யன் போய் வரலாம்" என்று பிள்ளைகள் அழைக்கின்றனர். பெற்றோரும் மகிழ்ந்து புறப்படுகின்றனர். ஏற்பாடு முழுவதும் பிள்ளைகள் கையில். உடன் செல்வது மட்டுமே தம் வேலை என்று எண்ணிவிடுகின்றனர்.

பிற இடங்களுக்கு இவ்வழக்கம் பொருந்தும். இந்த ஓரிடத்துக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதையும், எவ்வாறு திட்டமிட்டால் அப்பயணம் இனிதாகவும் பத்திரமாகவும் முடியும் என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் அவ்விடம் எத்தகையது என்று அறிதல் வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குக் 'கேன்யன்' என்னும் சொல் சற்றுத் தொல்லை தருவது. அகராதிகள் அதனைப் பள்ளத்தாக்கு என்று சொல்லி அமைந்துவிடும். ஆனால் காஷ்மீரப் பள்ளத்தாக்கு என்றும், நருமதைப் பள்ளத்தாக்கு என்றும் சொல்லும்போது நம் மனத்தில் தோன்றுவது மலைகளுக்கிடையே வயலும் ஊரும் பரந்து கிடக்கும் நிலம். கேன்யன் அத்தகையதன்று. விடர் என்று ஒரு பழஞ்சொல் நம்மிடம் உண்டு. அது மலைப் பிளவைக் குறிக்கும். அதுவும் முற்றும் பொருந்தவில்லை. ஏனெனில் இது பிளந்து உண்டானதன்று. உயர்ந்த சமவெளியொன்றை ஓர் ஆறு வாள்கொண்டு மரத்தை அறுப்பதுபோல் அறுத்து உண்டாக்கியது. ஆறு அறுத்த பள்ளம் என்று விளக்கிச் சொல்வதே நேர்மையாகும்.

அந்த ஆறு கொலராடோ. அது அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில் ஆற்றின் போக்கில் 446 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தை அறுத்துச் சென்றிருக்கிறது. பள்ளத்தின் அகலம் சிலவிடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாது. இன்று நாம் காணும் வடிவில் இப்பள்ளத்தை அறுக்க ஆற்றுக்கு ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகள் பிடித்தன என்பது நிலவியலார் பலருடைய கணிப்பு. அறுபட்ட பாறைகளோ அதனினும் மிகப் பழையன. விளிம்பின் மேற்பரப்பில் உள்ள சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. ஆற்றங்கரையில் தெரியும் கரும்பாறைக்கு வயது 170 கோடி ஆண்டுகளுக்கு மேல். அந்த அடிப்பாறையின் பெயரைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவீர்கள். அதற்கு விஷ்ணு பாறை என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பிரதேசத்தை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்னும் நிலவியலார், பள்ளத்தின் நடுவே கோபுரம்போல் எழுந்து நிற்கும் குன்றுகளைக் கண்டு, அவற்றுக்குக் கீழ்த்திசைச் சமயங்களிலிருந்து பெயர் எடுத்துச் சூட்டினார். பின் வந்தோரும் அவரைப் பின்பற்றினர். ஆகவே விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரமன் கோயில், புத்தர் கோயில் என்னும் பெயருடைய குன்றுகள் அங்கு உள்ளன. கோயில் என்பது பெயர் மட்டுமே. அங்கே கட்டிடமும் இல்லை, வழிபாடும் இல்லை.

பெயரில் இவ்வளவு நெருக்கம் இருப்பினும், இயல்பில் அவ்விடம் நமக்குப் பழக்கமான மலைகளுக்கு நேர்மாறானது. நம் பேச்சின் மையக் கருத்து இதுவே. பழநியிலும் திருமலையிலும் படியேறிப் பழகிய கால்கள் நம்முடையவை. மலையேற்றத்தில் உழைப்பு முதலில் வருகிறது. மூச்சு வாங்கினால் உட்காருகிறோம். இனி இயலாது என்று தோன்றினால் திரும்பிவிடுகிறோம். திரும்பும் வழி இறக்கமாதலால் தளர்ந்த உடம்பும் எப்படியோ கீழே வந்து சேர்ந்துவிடுகிறது. மலையானது நம் வலிமையை முதலிலேயே சோதித்து, தகுதியில்லாதவரைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது என்று சொல்லலாம்.

கிராண்ட் கேன்யன் தலைகீழான மலை. அங்கே இறக்கம் முதலில் வருகிறது. காலையில் குளிர்ந்த காற்று வீச, ஒவ்வொரு திருப்பத்திலும் புதுக்காட்சி தோன்ற, கால்கள் தாமே இறங்கிச் செல்கின்றன. களைப்பே தெரிவதில்லை. களைப்புத் தெரியத் தொடங்கும்போது, பாதையின் கடினமான பாதி அப்படியே தலைக்கு மேல் நிற்கிறது. அதற்குள் வெயிலும் ஏறிவிடுகிறது. இறங்குவது விருப்பம், ஏறுவது கட்டாயம் என்பது அப்பூங்காக் காவலர்கள் வருவோர்க்கெல்லாம் சொல்லும் அறிவுரை. ஆண்டுதோறும் 250 பேருக்கு மேல் பள்ளத்துக்குள்ளிருந்து மீட்கப்படுகின்றனர் என்று பாதைகளின் தொடக்கத்திலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் வயது முதிர்ந்தோர் அல்லர். தம் உடல் வலிமையை நம்பி இறங்கிய இளைஞர்கள்.

இரண்டாவது வேறுபாடு வெப்பத்தைப் பற்றியது. நம் இலக்கண மரபில் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கப்படவில்லை. வெம்மை மிகும்போது பிற நிலங்கள் திரிந்து பாலையாகும் என்பது பழைய கொள்கை. அக்கொள்கைக்குக் கிராண்ட் கேன்யன் ஒரு கண்கூடான விளக்கம். தெற்கு விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் அளவில் உள்ளது. ஏறக்குறையக் கோடைக்கானலின் உயரம். வடக்கு விளிம்பு 2,400 மீட்டர். உதகையைக் காட்டிலும் உயரம். அங்கே பைன் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. குளிர்காலத்தில் பனி பெய்கிறது. ஆற்றங்கரையோ 750 மீட்டர் உயரத்தில் உள்ள வெறும் பாலை. கோடைக்கானலில் புறப்பட்ட ஒருவர் ஒரு பகல் நடந்து ஜைசல்மேரில் இறங்கினால் எப்படியிருக்குமோ அப்படி எண்ணிக்கொள்ளலாம். கோடையில் விளிம்பில் இதமான 28 டிகிரி இருக்கும்போது, கீழே 40 டிகிரியைத் தாண்டும். சில நாட்களில் 45ஐயும் கடக்கும்.

"தில்லியின் ஜூன் மாதத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், வெயில் எங்களுக்குப் புதிதா?" என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் தில்லியில் லூ என்னும் அனற்காற்று வீசும் பகலில் நாம் என்ன செய்கிறோம்? சன்னலை அடைத்து, திரையிட்டு, வீட்டுக்குள் இருக்கிறோம். அந்நேரத்தில் முதுகில் மூட்டையோடு குதுப்மினாரின் உயரத்தைப் போல் பதினெட்டு மடங்கு ஏற்றம் ஏறுவோர் யாருமில்லை. ஆற்றங்கரையிலிருந்து விளிம்புக்கு ஏறுவது அவ்வளவு உழைப்பாகும்; உயரம் 1,300 மீட்டருக்கு மேல். வெயிலில் இருந்து பழகுவது ஒன்று. வெயிலில் உழைத்துப் பழகுவது மற்றொன்று.

இனி, காலத்தைத் தேர்ந்தெடுத்தல். இந்தியாவிலிருந்து செல்வோர் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் செல்கின்றனர். நம் வெயிலுக்குத் தப்பிச் செல்வோர் அப்பள்ளத்தின் வெயிலில் போய்ச் சேர்கின்றனர் என்பதை நினைவில் வைக்கவேண்டும். விளிம்பில் மட்டும் உலாவுவதாயின் அம்மாதங்களும் ஏற்றவையே. கீழே சிறிதளவாவது இறங்க விரும்புவோர்க்கு ஏப்ரலும் அக்டோபரும் நல்லன. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கும் ஒரு பருவமழைக் காலம் உண்டு. பிற்பகலில் இடியும் மின்னலும் எழும். திடீர் வெள்ளமும் வரும். இடி கேட்டவுடன் விளிம்பை விட்டு அகன்று கட்டிடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ சென்றுவிடுவது கடமை. குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, காட்சியும் தெளிவு. ஆனால் பாதையின் மேற்பகுதியில் பனி உறைந்து வழுக்கும்.

அடுத்து, எந்தப் பக்கம் செல்வது? கிராண்ட் கேன்யன் என்னும் பெயரால் மூன்று இடங்கள் அழைக்கப்படுகின்றன. இவற்றை வேறுபடுத்தி அறியாது பணம் கட்டிவிட்டால் பின்னர் ஏமாற்றம் நேரும். முதலாவது தெற்கு விளிம்பு. ஆண்டு முழுவதும் திறந்திருப்பது, பெரும்பாலோர் காண்பது. பிளாக்ஸ்டாஃப் நகரிலிருந்து 130 கிலோமீட்டர், பீனிக்ஸிலிருந்து 370 கிலோமீட்டர், லாஸ் வேகஸிலிருந்து 450 கிலோமீட்டர் அளவில் உள்ளது. வில்லியம்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து 1901ஆம் ஆண்டில் போடப்பட்ட இரயில் பாதையும் உண்டு. இரண்டாவது வடக்கு விளிம்பு. பறவை பறக்கும் வழியில் இரண்டு விளிம்புக்கும் இடையே 16 கிலோமீட்டரே. சாலை வழியிலோ 340 கிலோமீட்டருக்கு மேல், ஐந்து மணி நேரப் பயணம். பனியின் காரணமாக ஆண்டில் சில மாதங்களே அது திறந்திருக்கும். மூன்றாவது, மேற்குப் பகுதியில் கண்ணாடித் தரை பதித்த நடைமேடை உள்ள இடம். 2007இல் திறக்கப்பட்ட அந்த நடைமேடை ஹுவலப்பாய் என்னும் பழங்குடி மக்களுக்குரிய நிலத்தில் உள்ளது. தேசியப் பூங்காவைச் சேர்ந்ததன்று. லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பும் சுற்றுலா வண்டிகள் பல அங்கேதான் செல்கின்றன. அதுவும் காணத்தக்கதே. ஆயினும் எங்குச் செல்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுதல் நலம்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2026ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டார் கிராண்ட் கேன்யன் உட்படப் பதினொரு தேசியப் பூங்காக்களுக்குள் செல்ல, பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 250 டாலருக்கு ஓர் ஆண்டு அனுமதி அட்டையும் உண்டு. பெற்றோர் இருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட பூங்காக்களைக் காணப்போவதாயின் எது இலாபம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது இன்றியமையாதது.

அறிவிப்பைப் பார்க்கவேண்டுவது கட்டணத்துக்காக மட்டுமன்று. அப்பூங்காவில் எதுவும் நிலையென்று கொள்ள இயலாது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம். தெற்கு விளிம்பில் விடுதிகளும் கடைகளும் ஊரும் இருந்தாலும் அங்கு நீரூற்று இல்லை. வடக்கு விளிம்பின் கீழுள்ள ஓர் ஊற்றிலிருந்து, பள்ளத்தைக் குறுக்கே கடந்து, 20 கிலோமீட்டர் நீளமுள்ள குழாயின் வழியே தண்ணீர் வருகிறது. 1960களில் போடப்பட்ட அக்குழாய் 2010க்குப் பின் மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிய உடைப்புக் கண்டது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் ஏற்பட்ட உடைப்புகளால், தெற்கு விளிம்பு விடுதிகளில் இரவு தங்குவதே சில நாட்கள் நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் மின்னலால் மூண்ட காட்டுத்தீ வடக்கு விளிம்பின் புகழ்பெற்ற பழைய விடுதியை எரித்துவிட்டது; வடக்கு விளிம்பும் மூடப்பட்டது. ஆகவே வடக்கே செல்ல எண்ணுவோர் என்னென்ன வசதிகள் திறந்துள்ளன என்று விசாரித்த பின்பே நாள் குறிக்கவேண்டும். தெற்கே செல்வோரும் தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்வது அறிவுடைமை.

தங்குமிடம் பூங்காவுக்குள் கிடைத்தால் சூரியோதயமும் அந்தியும் எளிதில் காணலாம். ஆனால் 2024ஆம் ஆண்டில் மட்டும் 49 இலட்சம் பேரளவில் வந்து சென்ற இடம் அது. உள்ளேயுள்ள அறைகளை ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்வோர் உண்டு. கிடைக்காவிடில் தெற்கு வாயிலுக்கு அருகேயுள்ள துசயானிலோ வில்லியம்ஸிலோ தங்கலாம். ஓரிரவேனும் தங்குதல் வேண்டும். பகல் பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குத் திரும்புவோர், நேர்வெயிலில் நிழலின்றி வெளிறிக் கிடக்கும் பாறைகளை மட்டுமே காண்பர். நிழல் நீளும்போதுதான் அப்பள்ளத்தின் ஆழம் கண்ணுக்குப் புலப்படும்.

இனி, குடும்பத்தில் யார் யாருக்கு எவ்வகைத் திட்டம் ஏற்றது என்று பார்ப்போம்.

அறுபது கடந்தோர்க்கும், முழங்கால் வலியோ இரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்க்கும் விளிம்பே போதுமானது. போதுமானது என்று சொல்வது ஆறுதலுக்காக அன்று. பூங்காவின் இலவசப் பேருந்துகள் விளிம்பு நெடுகச் செல்கின்றன. ஓரிடத்தில் இறங்கி, சமநிலப் பாதையில் சிறிது நடந்து, அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். யாவபாய் என்னுமிடத்தில் உள்ள நிலவியல் காட்சிச்சாலையிலிருந்து தொடங்கும் காலப் பாதை என்ற நடைபாதை, முதியோர்க்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. 2010இல் திறக்கப்பட்ட அப்பாதையில் ஒவ்வொரு மீட்டரும் பத்து இலட்சம் ஆண்டைக் குறிக்கும். கீழே பள்ளத்தில் உள்ள பாறைகளின் மாதிரிகளை, அவற்றின் வயதுக்குரிய இடத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம். மனித வரலாறு முழுவதும் ஓர் அடிக்குள் அடங்கிவிட, விஷ்ணு பாறையை அடைய 1,700 மீட்டருக்கு மேல் நடக்கவேண்டியிருக்கிறது. ஆற்றங்கரைக்கு இறங்கியவர் அப்பாறையை உச்சி வெயிலில் தொடுவார். நாம் அதனைப் பைன் மர நிழலில் நின்று தொடுகிறோம். 40 கிலோமீட்டர் கிழக்கே, 1932இல் மேரி கோல்ட்டர் என்னும் பெண் கட்டிடக் கலைஞர் அமைத்த காவற்கோபுரம் உள்ளது. அதன் அருகே நின்றால் வளைந்து வரும் ஆறு கண்ணுக்குத் தெரியும்.

விளிம்புக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதன் பெரும்பகுதியில் கைப்பிடிச் சுவர் இல்லை. படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடி வைத்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். விளிம்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிற்பதும், பேரக் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்வதும் மறவாமல் செய்யவேண்டியவை. அவ்வுயரத்தில் முதல்நாள் மூச்சு வாங்குவது இயல்பு; அன்று விரைந்து நடத்தலாகாது.

நடுவயதினரும் நல்ல உடல்நலம் உடையோரும் பிரைட் ஏஞ்சல் பாதையில் சிறிது இறங்கிப் பார்க்கலாம். இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் முதல் ஓய்விடம் வருகிறது. அதற்குள் 340 மீட்டர் இறங்கிவிடுகிறோம். குதுப்மினாரைப் போல் நான்கரை மடங்கு. முதல் தடவை செல்வோர் அங்கேயே திரும்பிவிடுதல் நன்று. கோடையில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே ஏற்றத்தில் இருத்தல் கூடாது. இறங்க ஒரு மணி ஆனால் ஏற இரண்டு மணி ஆகும் என்று கணக்கிடவேண்டும். ஆகவே கையில் மூன்று மணி நேரம் இருந்தால், ஒரு மணி ஆனவுடன், எந்த இடமாயினும் திரும்பிவிடவேண்டும். தெற்குக் கைபாப் என்னும் மற்றொரு பாதை காட்சிக்குச் சிறந்தது. ஆனால் அதில் எங்குமே தண்ணீர் கிடையாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது உப்பையும் சொல்லவேண்டும். வியர்வையோடு உடம்பின் உப்பும் வெளியேறுகிறது. உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் சத்து நீர்த்துப்போய், தலைச்சுற்றலும் வாந்தியும் மனத்தடுமாற்றமும் உண்டாகும். உயிருக்கே கேடு வரலாம். தாகத்தால் வருந்துவோரின் குறிகளை ஒத்திருப்பதால், இன்னும் தண்ணீர் கொடுத்து நோயை வளர்ப்பதும் உண்டு. நடையில் அடிக்கடி சிறிது தண்ணீரும், கூடவே உப்புள்ள தின்பண்டமும் கொள்ளவேண்டும். உப்பும் பெருங்காயமும் இட்ட நீர்மோரின் பயனை நம் பாட்டிமார்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். மோரை அப்பாதையில் சுமந்து செல்ல இயலாதாயினும், முறுக்கும் உப்புக்கடலையும் சுமந்து செல்லலாம். அவை இங்கே நொறுக்குத்தீனி, அங்கே மருந்து.

இளைஞர்கள் ஆற்றங்கரை வரை செல்ல விரும்புவது இயற்கை. பிரைட் ஏஞ்சல் பாதையில் அது ஒருவழியில் மட்டும் 12 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் இறங்கி ஏறுவதைப் பூங்கா நிர்வாகம் வன்மையாக மறுத்துரைக்கிறது. இடையில் கூடாரமிட்டுத் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். நாலைந்து மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். ஆற்றருகே உள்ள ஃபாண்டம் ராஞ்ச் என்னும் விடுதியில் இடம் ஓராண்டுக்கும் முன்னரே குலுக்கல் முறையில் கொடுக்கப்படுகிறது. நம் பிள்ளைகள் இவ்வளவு முன்யோசனையோடு செய்தால் ஊக்குவிக்கலாம். முதல்நாள் இரவு தீர்மானித்தால் தடுத்து நிறுத்தலாம்.

அப்பாதையின் இடைவழியில் நீரும் நிழலும் உள்ள பசுஞ்சோலை ஒன்று வருகிறது. 2022ஆம் ஆண்டு முதல் அதற்கு ஹவசுப்பாய் தோட்டம் என்று பெயர். அச்சோலையில் பயிர் செய்து வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர் அது. 1882இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 518 ஏக்கர் மட்டுமே. 1919இல் தேசியப் பூங்கா அமைந்தபின் சோலையில் எஞ்சியிருந்தோரும் வெளியேற்றப்பட்டனர். நெடுங்காலம் போராடியதன் பயனாக, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளத்தின் வேறொரு பகுதியில் 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. சொந்த மண்ணை விட்டு வாழ்வதன் பொருளை ஒருவாறு அறிந்தவர்கள் நாம். விரும்பிப் பெயர்ந்தவர்கள் என்பது மட்டுமே வேற்றுமை. அப்பெயர்ப் பலகையைக் கண்டால் ஒரு கணம் நின்று படிப்பது நமக்குப் பொருந்தும்.

திட்டத்தின் பெருமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்றும் அங்குண்டு. 1869ஆம் ஆண்டு மே மாதம், உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் என்பவர், ஒன்பது தோழர்களோடு நான்கு படகுகளில் அவ்வாற்றின் போக்கை ஆராயப் புறப்பட்டார். பத்து மாதத்துக்குரிய உணவை ஏற்றிக்கொண்டார். ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. எஞ்சிய உணவும் நனைந்து கெட்டது. மூன்று மாதத்துக்குள் பட்டினி நெருங்கிவிட்டது. ஆகஸ்டு 28ஆம் நாள் பெரிய நீர்வீழ்ச்சியொன்றைக் கண்டு அஞ்சிய மூவர், படகை விட்டுச் சுவரேறி வெளியேறினர். அவர்கள் உயிரோடு ஊர் சேரவில்லை. மற்றவர்கள் அதைக் கடந்து மறுநாளே பள்ளத்தின் முடிவை அடைந்தனர். அந்த மூவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. பசியிலும் களைப்பிலும் தலைக்கு மேல் சுவர் நிற்கும்போதும் செய்யப்படும் தீர்மானம் எவ்வளவு கடினமானது என்பதையே அவர்கள் கதை உணர்த்துகிறது.

ஆகவே தீர்மானத்தை வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது. இதில் நம் குடும்பங்களுக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. "அம்மா, உங்களால் இயலாது" என்று சொல்ல மகனுக்கு மனம் வருவதில்லை. "என்னால் இயலாது" என்று சொல்லி மகனுடைய உற்சாகத்தைக் கெடுக்கத் தாய்க்கு மனம் வருவதில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பினாலேயே, இருவரும் விரும்பாத தொலைவுக்கு இறங்கிவிடுகின்றனர். சாப்பாட்டு மேசையில் ஒரு படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த இடத்தில் திரும்புகிறோம், அப்பா இந்த ஆசனத்தில் காத்திருப்பார், பதினொரு மணிக்குள் வராவிட்டால் காவலரிடம் சொல்வார்" என்று பேசி முடித்துவிட்டால், பாதையில் யாரும் யாரையும் நோகச் செய்ய வேண்டியதில்லை. அங்கே பல இடங்களில் கைப்பேசி வேலை செய்யாது என்பதால், இவ்வேற்பாடு இன்னும் அவசியமாகிறது. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தும், வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.

நேயர்களே, அப்பள்ளத்தை முழுமையாகக் கண்டவர் என்று எவருமில்லை. விளிம்பில் நிற்பவர்க்கு ஆற்றின் ஓசை கேட்பதில்லை. ஆற்றங்கரையில் நிற்பவர்க்கு விளிம்பின் விரிவு தெரிவதில்லை. அவரவர்க்கு இயன்ற இடத்திலிருந்து ஒரு பகுதியைக் காண்கிறோம். அந்த இடம் எது என்பதைப் புறப்படுமுன்னரே அறிந்துகொண்டவர்கள், மாலையில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து விளிம்பில் அமர்ந்து, விஷ்ணு கோயில் குன்றின்மேல் கடைசி வெயில் படுவதைப் பார்ப்பார்கள். உங்கள் குடும்பமும் அவ்வாறு அமரவேண்டும் என்பதே நம் விருப்பம்.